கொண்டாட வேண்டாம் என்று தொடங்கும் கிறிஸ்மஸ் பாட்டு: ‘கிறிஸ்மஸ் ராப்பிங்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் பிறந்தால் இந்தப் பாட்டை யாருக்காவது அனுப்பிவிடுவேன். கேட்டவர்களில் பாதிப் பேர் “இதில் அப்படி என்ன இருக்கிறது?” என்பார்கள். மீதிப் பேர் நாலு நாள் கழித்து, “அந்த ட்ரம்பெட் மண்டைக்குள்ளேயே சுற்றுகிறது, யார் இவர்கள்?” என்று கேட்டு எழுதுவார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்து இந்தப் பதில்கள்.

எந்தப் பாட்டு? யார் பாடியது?

‘கிறிஸ்மஸ் ராப்பிங்’. ‘தி வெயிட்ரெசஸ்’ என்ற அமெரிக்கக் குழு 1981இல் பதிவு செய்தது. எழுதியவர் குழுவின் கிட்டாரிஸ்ட் கிறிஸ் பட்லர், பாடியவர் பேட்டி டொனாஹியூ. குழுவின் வேர் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரத்தில் இருக்கிறது. ஆக்ரன் டயர் கம்பெனிகளின் ஊர். 1978இல் லண்டனின் ஸ்டிஃப் ரெக்கார்ட்ஸ் அந்த ஊர்க் குழுக்களை எல்லாம் ஒரே இசைத்தட்டில் தொகுத்தபோது, உறையைச் சுரண்டினால் ரப்பர் வாசனை வருகிற மாதிரி அச்சடித்தார்கள். வெயிட்ரெசஸ் பெயர் அந்தத் தட்டிலேயே இருக்கிறது. பிறகு நியூயார்க்குக்கு வந்து, ஸீ ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன நிறுவனத்தில் சேர்ந்தார்கள்.

பாட்டின் கதை என்ன?

இதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். இது முழுக்க முழுக்கக் கதைப் பாட்டு. கதையைப் பிடிக்காமல் கேட்டால் பாதிச் சுவைதான் கிடைக்கும்.

வேலைக்குப் போகும் ஒரு பெண். தனியாக வசிக்கிறாள். வருடம் முழுக்க ஓடிக் களைத்துவிட்டாள். கிறிஸ்மஸ் வருகிறது, அவளுக்கு அது பிடித்த பண்டிகைதான், ஆனால் இந்த முறை அதற்குத் தெம்பில்லை. வந்த அழைப்புகளையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வீட்டில் தனியாக மூச்சு வாங்கப் போகிறேன் என்கிறாள்.

இடையிடையே அந்த வருடத்தை நினைத்துப் பார்க்கிறாள். போன குளிர்காலத்தில் பனிச்சறுக்குச் சாமான் விற்கும் கடையில் ஒருவனைச் சந்தித்திருக்கிறாள். பிடித்திருந்தது. போன் நம்பரும் வாங்கியாயிற்று, கூப்பிடத்தான் நேரமில்லை. வசந்தத்தில் மறுபடி பார்க்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் போகலாம் என்று பேச்சு வருகிறது. இருவருக்கும் தோதான நாள் ஒன்று கிடைக்கவில்லை. கோடையில் அவன் தன் படகுக்கு அழைக்கிறான். அவளுக்கோ வெயில் பட்டு உடம்பெல்லாம் தோல் வெந்துபோயிருக்கிறது. இலையுதிர் காலத்தில் ஹாலோவீன் விருந்துக்கு வரச்சொல்லி அவனே போன் செய்கிறான். ராத்திரி முழுக்கக் காத்திருக்கிறாள், இந்தத் தடவை அவன் கார் கிளம்பவில்லை. இப்படியே நான்கு பருவமும் கை நழுவிப் போகிறது.

கடைசியில் கிறிஸ்மஸுக்கு முந்தின ராத்திரி. உலகத்திலேயே ஆகச் சின்ன வான்கோழி ஒன்றை வாங்கி அடுப்பில் வைத்திருக்கிறாள். அப்போதுதான் நினைவுக்கு வருகிறது, கிரான்பெர்ரி வாங்க மறந்துவிட்டாள். பூட்ஸை மாட்டிக்கொண்டு மறுபடி பனியில் இறங்கி, ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் ஒரே மளிகைக் கடைக்குப் போகிறாள். வரிசையில் அவன் நிற்கிறான். அவனும் இந்த வருடம் தாங்கவில்லை, தனியாக இருந்துவிடலாம் என்று முடிவெடுத்தவன். அவனும் கிரான்பெர்ரியை மறந்தவன். இருவரும் சிரிக்கத் தொடங்குகிறார்கள்.

அவ்வளவுதான். முத்தமில்லை, மோதிரமில்லை. பில் போடும் வரிசையில் இரண்டு பேர் விடாமல் சிரிக்கிறார்கள்.

இதை எழுதத் தோன்றியது எப்படி?

ஸீ ரெக்கார்ட்ஸை நடத்திய மைக்கேல் ஸில்காவுக்கு, தன்னிடமுள்ள கலைஞர்கள் எல்லோரிடமும் ஆளுக்கொரு கிறிஸ்மஸ் பாட்டு வாங்கித் தொகுப்பாக்க ஆசை. ஸீ நிறுவனத்தில் இருந்தவர்கள் யாரும் பண்டிகைப் பாட்டு பாடும் ரகமே இல்லை. இருட்டும் நக்கலும் டிஸ்கோவும் கலந்த ஆட்கள். ‘எ கிறிஸ்மஸ் ரெக்கார்ட்’ என்று 1981இல் வந்த அந்தத் தொகுப்பில் ஆலன் வேகா, கிறிஸ்டினா, ஆகஸ்ட் டார்னெல், வாஸ் நாட் வாஸ் எல்லோரும் இருக்கிறார்கள். கிறிஸ்டினாவின் பாட்டின் பெயர் ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’. கிறிஸ்மஸ் தொகுப்புக்குள் அப்படி ஒரு தலைப்பு! அந்தக் கூட்டத்தின் மனநிலை அதிலேயே தெரிந்துவிடும்.

பட்லருக்கு அழைப்பு வந்தது கோடையில். ஆகஸ்ட் மாத நியூயார்க் புழுக்கத்தில் உட்கார்ந்து பனியைப் பற்றி எழுத வேண்டும். போதாக்குறைக்கு அவருக்குக் கிறிஸ்மஸ் என்றாலே அலர்ஜி. தனக்குத் தெரிந்த நியூயார்க்வாசிகள் எல்லாம் அந்த மாதத்தில் பேய் பிடித்தமாதிரி ஓடுகிறார்கள், அது சந்தோஷமான காலமாக இல்லாமல் எப்படியாவது சமாளிக்க வேண்டிய காலமாகிவிட்டது என்று பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். எங்கெங்கோ பயன்படாமல் கிடந்த தன் பழைய இசைத் துணுக்குகளை எடுத்து ஒட்டி மெட்டைக் கட்டினார். கடைசி வரிகளை ஸ்டூடியோவுக்குப் போகும் டாக்சியில் எழுதி முடித்தார். ஸ்டூடியோ எது தெரியுமா? ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கட்டிய எலெக்ட்ரிக் லேடி.

டாக்சியில் எழுதிய அவசரம் வரிகளிலும் தெரிகிறது என்று நினைக்கிறேன். வாக்கியங்கள் பாதியிலேயே நின்றுவிடும். எழுவாய் இருக்காது. செய்ய வேண்டிய வேலைகளைத் துண்டுச் சீட்டில் கிறுக்கி வைத்ததைப் படிக்கிற மாதிரி இருக்கும். களைத்துப் போனவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். அந்த நடை கதாபாத்திரத்துக்கு அச்சாகப் பொருந்திவிட்டது.

இது ராப்பா, பாப்பா?

இரண்டும் உரசிக்கொண்ட காலத்துப் பாட்டு. ராப் இசையின் முதல் பெரிய ஹிட்டான ‘ராப்பர்ஸ் டிலைட்’ வந்தது 1979இல். அதே வருடக் கடைசியில் ராப் பாடகர் கர்டிஸ் ப்ளோவின் ‘கிறிஸ்மஸ் ராப்பின்’ வந்தது. இந்தப் பாட்டின் பெயரே அதைப் பார்த்துக் கண்ணடிக்கிறது: இங்கே ‘ராப்பிங்’ (wrapping) என்றால் பரிசைத் தாளில் சுற்றுவது, உச்சரிப்பு மட்டும் ஒன்றுதான். அந்த நாள் நியூயார்க்கில் பங்க், டிஸ்கோ, ராப், ஜாஸ் எல்லாம் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் நடந்துகொண்டிருந்தன.

வெயிட்ரெசஸ் குழுவின் ஆட்களைப் பார்த்தாலே இது புரியும். டிரம்ஸ் வாசித்த பில்லி ஃபிக்கா ‘டெலிவிஷன்’ குழுவிலிருந்து வந்தவர், அதாவது நியூயார்க் பங்கின் நடுமையத்திலிருந்து. சாக்ஸபோன் மார்ஸ் வில்லியம்ஸ். அவர் மனசு முழுக்கக் கட்டற்ற ஜாஸ். பிற்காலத்தில் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஆல்பர்ட் அய்லரின் இசையையும் கிறிஸ்மஸ் கீதங்களையும் கலந்து வருடாவருடம் கச்சேரி செய்தார்; 2023 நவம்பரில் காலமானார். பேஸ் கிட்டார் டிரேசி வோர்ம்வொர்த், பிறகு ‘பி ஃபிஃப்டி டூஸ்’ குழுவுடன் பல வருடம் வாசித்தவர். இந்தப் பாட்டை ஒருமுறை அவருடைய பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். ஷீக் என்ற டிஸ்கோ குழுவின் ‘குட் டைம்ஸ்’ பாட்டு வழியில் வந்த துள்ளல். அவள் தன் சோர்வை எண்ணி எண்ணிச் சொல்லிக்கொண்டிருக்க, அடியில் பேஸ் ஆடிக்கொண்டே இருக்கிறது.

அந்தக் குரல் ஏன் அவ்வளவு பற்றில்லாமல் இருக்கிறது? அவருக்குப் பாட வராதா?

நிறையப் பேருக்கு முதல் தடங்கல் இதுதான். கிறிஸ்மஸ் பாட்டென்றால் குரல் கோபுரம் ஏற வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். டொனாஹியூ ஏறவே மாட்டார். பேசுகிறார், கொஞ்சம் இழுக்கிறார், சில சொற்களின் முடிவில் மட்டும் லேசாக ராகம் வைக்கிறார்.

என் கணிப்பில் இந்தப் பாட்டின் உயிரே அதுதான். அந்தப் பெண் தன்னைப் பற்றி இரக்கம் தேடவில்லை. “பார், நான் தனியாக இருக்கிறேன்” என்று அழவில்லை. அவளை அழைக்க ஆட்கள் இருக்கிறார்கள். அவள்தான் வேண்டாம் என்றாள். இதே வரிகளை உருகி உருகிப் பாடினால் கேட்கிறவருக்குப் பரிதாபம் வரும், கதை கெட்டுவிடும். டொனாஹியூ பாடும்போது சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் சிநேகிதியின் குரல் கேட்கிறது. கொஞ்சம் அலுப்பு, கொஞ்சம் சிரிப்பு, நிறையச் சுயமரியாதை.

எழுதியது ஓர் ஆண். அதை ஒரு பெண்ணின் வாழ்க்கையாக மாற்றியது டொனாஹியூ. படகுக்கு அழைத்த இடத்தில், தடங்கல் இந்த முறை தன் பக்கம்தான் என்று ஒப்புக்கொள்ளும் தொனியைக் கவனியுங்கள். குற்றவுணர்ச்சி கிடையாது, இப்படி ஆயிற்று என்கிறாள், அவ்வளவே. அந்த ஒரு வரிக்காகவே வேறு யார் பாடினாலும் எனக்குத் திருப்தி வருவதில்லை.

ட்ரம்பெட் பகுதி மட்டும் ஏன் மண்டையை விட்டுப் போவதில்லை?

அது வந்து விழும் இடத்தால். முதல் பத்தியின் முடிவில் அவள், இந்த வருடம் கிறிஸ்மஸ் எனக்கு நானே என்று அறிவிக்கிறாள். சொல்லி முடித்த கணமே ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் பாய்ந்து வந்து குதிக்கின்றன. அவள் கதவைச் சாத்துகிறாள். ஊதுகுழல்கள் ஜன்னல் வழியே உள்ளே வந்துவிடுகின்றன. கதையின் முடிவு அவளுக்குத் தெரியாது, வாத்தியங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு முறை அவள் வேண்டாம் என்று சொல்லும்போதும் அந்த மெட்டு கொஞ்சமும் மனம் தளராமல் திரும்பி வருகிறது.

கிறிஸ்மஸ் வாழ்த்துப் பல்லவியையும் சேர்த்துக் கேளுங்கள். “கிறிஸ்மஸ் வாழ்த்துகள், ஆனால் இந்த முறை நான் வரவில்லை” என்ற பொருளில் பாடிக்கொண்டே இருப்பார். கடைசிச் சுற்றில் அது “இந்த முறை வராமல் இருக்க முடியவில்லை” என்று திரும்பிவிடும். மெட்டில் எந்த மாற்றமும் இல்லை. கவனிக்காமல் விட்டால் காதில்கூடப் படாது. எனக்கு மட்டும் ஒவ்வொரு டிசம்பரும் அந்த இடத்தில் தொண்டை அடைக்கும்.

பழைய கிறிஸ்மஸ் பாட்டுகளைக் கேலி செய்கிறதா?

கேலி இல்லை, பழக்கத்தில் வரும் உரிமை. அமெரிக்கக் குழந்தைகள் மனப்பாடமாக அறிந்த சொற்களை எடுத்து, அந்தப் பெண் தன் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொள்கிறாள்.

முதல் சொல்லே, டிக்கன்ஸின் கிறிஸ்மஸ் கதையில் வரும் கஞ்சக் கிழவர் ஸ்க்ரூஜ் பண்டிகையைத் திட்டும் சொல். சொன்ன உடனே, “சேச்சே, அது ரொம்ப அதிகம்” என்று திரும்ப வாங்கிக்கொள்கிறாள். ‘ஜிங்கிள் பெல்ஸ்’ பாட்டில் சறுக்குவண்டி பனியைக் கிழித்துப் பாய்கிறதல்லவா? இவளால் பாய முடியவில்லை, குளிருக்குப் போட்ட உடுப்பு அத்தனை இறுக்கம்.

இவற்றில் எனக்கு மிகப் பிடித்தது கடைக் காட்சி. 1823இல் வெளியான, செயின்ட் நிக்கலஸ் வருகையைச் சொல்லும் புகழ்பெற்ற கவிதையில், ராத்திரி சத்தம் கேட்டு ஜன்னலைத் திறப்பவரின் வியந்த கண்களுக்கு எதிரே ஒரு குட்டி வண்டியும் எட்டுக் கலைமான்களும் தோன்றும். பட்லர் அந்த வரியை அப்படியே எடுத்து மளிகைக் கடைக்குள் வைக்கிறார். வியந்த கண்களுக்கு எதிரே தோன்றுவது கையில் சாமானோடு வரிசையில் நிற்கும் ஒரு மனிதன். குழந்தைக் கவிதையில் மாயம் வானத்திலிருந்து கூரைமேல் இறங்குகிறது. இங்கே அது குழல் விளக்கு வெளிச்சத்தில் பில் கவுன்டருக்கு முன்னால் நடக்கிறது. அந்தப் பழைய வரியைத் தெரிந்து கேட்பவருக்கு, அவன் முகம் தெரிவதற்கு முன்பே நெஞ்சு துள்ளும்.

கிரான்பெர்ரி இல்லாவிட்டால் என்ன? அதற்காகவா பனியில் ஓட வேண்டும்?

நம் வாசகர்கள் தவறாமல் கேட்பது. கிரான்பெர்ரி வட அமெரிக்காவின் சொந்தப் பழம். நம் களாக்காய் மாதிரி சிவந்து, வாய் சுளிக்கும் புளிப்பு. சர்க்கரை போட்டுக் கொதிக்க வைத்தால் கெட்டியான தொக்காகும். வான்கோழிக் கறிக்குப் பெரிய ருசி எதுவும் கிடையாது. இந்தத் தொக்கைத் தொட்டுச் சாப்பிட்டால்தான் அது பண்டிகைச் சாப்பாடு ஆகிறது. அமெரிக்கர்களுக்கு அது இல்லாத வான்கோழித் தட்டு குறைபட்ட தட்டு.

இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. கொண்டாட மாட்டேன் என்று சொல்கிறவள் வான்கோழியை அடுப்பில் வைத்திருக்கிறாள். கிரான்பெர்ரி இல்லை என்றதும் பூட்ஸைத் தேடுகிறாள். அவளுக்குப் பண்டிகைமேல் கோபமே இல்லை. அதைச் சுற்றியுள்ள ஓட்டத்தின்மேல்தான் கோபம். தனக்கென்று ஒரு தட்டு என்றாலும் முறையாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறாள். அவள் நடையைக் கட்டியது யாரையும் தேடி அல்ல, தன் சாப்பாட்டுக்காக.

வான்கோழி வாங்கிய கடையாகப் பாட்டில் பெயர் வருவது ‘ஏ அண்ட் பி’. 1859இல் தேயிலை வியாபாரமாகத் தொடங்கி, ஒரு காலத்தில் அமெரிக்காவிலேயே மிகப் பெரிய மளிகை நிறுவனமாக ஊருக்கு ஊர் கிளை வைத்திருந்தது. 2015இல் மூடப்பட்டது. இளைய கேட்பாளர்களுக்கு அந்தப் பெயர் இப்போது பாட்டில் மட்டும்தான் கேட்கும்.

ஏசுவோ, மாட்டுத் தொழுவமோ, சாண்டாவோ எதுவும் வரவில்லையே?

வரவில்லை. தேவாலய மணிகூட அடிக்காது. அமெரிக்க நகரங்களில் கிறிஸ்மஸ் மதத்தைத் தாண்டிய பொது விடுமுறை. பாட்டு அந்தக் கிறிஸ்மஸைப் பற்றியது. அதனால்தான் பிற மதத்தாரும் இதைத் தயக்கமின்றித் தமதாக்கிக்கொண்டார்கள். 1990களில் கலிபோர்னியாவின் ‘சேவ் ஃபெரிஸ்’ என்ற ஸ்கா (ஜமைக்காவில் பிறந்த இசை வகை) குழு, ஹனுக்கா என்ற யூதப் பண்டிகையைக் கொண்டாடும் பெண்ணின் பாட்டாக வரிகளை மாற்றிப் பாடியது.

ஆனாலும் பக்தி கேட்பவர்களுக்கு இது நிறைவு தராது. அவர்களுக்கு அருமையான கீதங்கள் வேறு இருக்கின்றன.

கடைசியில் ஜோடி சேருவது சினிமாத்தனம் இல்லையா?

ஆமாம், தற்செயல்தான். பாட்டே அதை மறைக்கவில்லை. கிறிஸ்மஸ் மாயத்தால் கதை சுபமாக முடிந்தது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. ஆனால் அந்தத் தற்செயலுக்கு நியாயம் முன்பே போடப்பட்டிருக்கிறது. இருவரும் ஒரே மாதிரி ஆட்கள். ஒரே மாதிரி வேலைப்பளு, ஒரே மாதிரி களைப்பு, ஒரே மாதிரி மறதி. அந்த ராத்திரி திறந்திருக்கும் கடை அந்தப் பக்கத்தில் ஒன்றுதான். இருவரும் அங்கே வந்து சேர்வதற்கான காரணங்களைப் பாட்டு நான்கு நிமிடமாக அடுக்கிக்கொண்டு வந்திருக்கிறது.

இன்னொன்று. வருடம் முழுக்கத் திட்டம் போட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. சாப்பாடு, படகு, விருந்து எல்லாம் திட்டமிடப் பார்த்த சந்திப்புகள். எந்தத் திட்டமும் இல்லாத ஒரே ராத்திரியில் சந்தித்துவிடுகிறார்கள். வேலைக்குப் போகும் எல்லோருக்கும் இது தெரிந்த வலி. “கண்டிப்பா ஒரு நாள் பார்க்கலாம்” என்று சொல்லி வருடக் கணக்கில் பார்க்காமலே போன நண்பர்கள் யாருக்குத்தான் இல்லை? கையில் மொபைல் வந்த பிறகும் அந்த நிலைமை மாறவில்லை. 1981 என்று வருடத்தைப் பாட்டுக்குள்ளேயே சொல்லியிருந்தும் இது பழசாகாததற்குக் காரணம் அதுதான் என்பேன்.

வந்தபோதே ஹிட்டா?

இல்லை. குழுவே இதை ஒரு தொகுப்புக்காகச் செய்த சில்லறை வேலையாக நினைத்து மறந்துவிட்டது. டிசம்பரில் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது வானொலிகள் இதை ஓயாமல் போடுவது தெரியவந்து, மேடையில் வாசிப்பதற்காகத் தங்கள் பாட்டைத் தாங்களே மறுபடி பயிற்சி செய்தார்கள் என்று பட்லர் சொல்லியிருக்கிறார். பிரிட்டனில் 1982 டிசம்பரில் 45ஆவது இடம்வரை போனது. பெரிய எண் ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த வருடமும் வானொலியில் வந்தது. அதற்கடுத்த வருடமும் வந்தது. நாற்பது வருடமாக வந்துகொண்டிருக்கிறது.

இது ஸ்பைஸ் கேர்ள்ஸ் பாட்டு என்று நினைத்தேனே?

அவர்களும் பாடியிருக்கிறார்கள், 1998இல், ‘குட்பை’ சிங்கிளின் கூடுதல் பாட்டாக. 2015இல் கைலி மினோக் தன் கிறிஸ்மஸ் ஆல்பத்தில் இகி பாப்புடன் சேர்ந்து பாடினார். இகி பாப்பின் கரகரத்த குரல் வரும் இடம் கேட்க ஜாலியாக இருக்கும். ஆனால் இரண்டிலும் பளபளப்பு கூடிவிட்டது. களைத்த பெண் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. அசலையே முதலில் கேளுங்கள்.

பேட்டி டொனாஹியூ பிறகு என்ன ஆனார்?

குழு நீடிக்கவில்லை. ‘ஐ நோ வாட் பாய்ஸ் லைக்’ என்ற பாட்டால் பெயர் வாங்கி, 1982இல் ‘ஸ்கொயர் பெக்ஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடரின் தலைப்புப் பாட்டும் பாடி, இரண்டு ஆல்பம் போட்டு, 1984 வாக்கில் கலைந்துவிட்டது. டொனாஹியூ பின்னர் இசை நிறுவனத்தில் புதிய கலைஞர்களைக் கண்டெடுக்கும் வேலை பார்த்தார். 1996 டிசம்பர் 9 அன்று நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். வயது 40.

கடைகளில் இந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும் வாரத்தில்தான் அவருடைய நினைவுநாளும் வருகிறது. கேட்கிற லட்சக்கணக்கானவர்களில் பெரும்பாலானோருக்கு அவர் பெயர் தெரியாது. ஸ்பைஸ் கேர்ள்ஸ் பெயர் தெரியும், பாட்டெழுதிய பட்லரைக்கூடச் சிலருக்குத் தெரியும். இந்தப் பக்கத்தை எழுத அதுவும் ஒரு காரணம். பேட்டி டொனாஹியூ. பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடிக்கவே இல்லை. தவறு என்மேலா?

இல்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு, மெட்டில் ஏற்ற இறக்கம் குறைவு, சொற்கள் சரசரவென்று ஓடும். ஆங்கிலத்தை வேகமாகக் காதில் வாங்குவது சிரமம் என்றால், மேலே சொன்ன கதையை ஒருமுறை படித்துவிட்டு மறுபடி கேட்டுப் பாருங்கள். அப்போதும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடலாம். மகிழ்ச்சி ததும்பும் பண்டிகைப் பாட்டு வேண்டும் என்பதும் நியாயமான ஆசைதான்.

ஒரே ஒரு வேண்டுகோள். வானொலிக்காக வெட்டிக் குறுக்கிய வடிவத்தைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். இடையிலுள்ள பருவங்களில் ஒன்றை வெட்டினாலும் கடைசிச் சந்திப்பின் பலம் போய்விடும். அவள் எத்தனை முறை தவறவிட்டாள் என்பதை நாமும் கூடவே இருந்து அனுபவிக்க வேண்டும்.

இதே வழியில் வேறு பாட்டுகள்?

‘தி கிங்க்ஸ்’ குழுவின் ‘ஃபாதர் கிறிஸ்மஸ்’, 1977. ஏழைப் பிள்ளைகள் கடைவாசல் கிறிஸ்மஸ் தாத்தாவை மடக்கி, பொம்மை வேண்டாம், பணம் கொடு என்கிறார்கள். முடிந்தால் அப்பாவுக்கு ஒரு வேலை கொடு என்கிறார்கள். ஜோனா லூயியின் ‘ஸ்டாப் த கேவல்ரி’, 1980. போர்க்களத்திலிருந்து வீட்டுக்கு ஏங்கும் சிப்பாய். கிறிஸ்மஸ் பாட்டாக எழுதப்படாமலே கிறிஸ்மஸ் பாட்டாகிவிட்டது. ‘தி போக்ஸ்’ குழுவும் கர்ஸ்டி மக்காலும் 1987இல் பாடிய ‘ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்’ இந்த ரகத்தின் மலைமுகடு; அதற்குத் தனிப் பக்கமே வேண்டும்.

‘தி பிரிடெண்டர்ஸ்’ குழுவின் ‘2000 மைல்ஸ்’ பாட்டையும், 1983, விட்டுவிடாதீர்கள். காதல் பிரிவு போலத் தோன்றும், உண்மையில் முந்தின வருடம் இறந்துபோன தங்கள் கிட்டாரிஸ்டுக்காகப் பாடியது. பாடியவர் கிறிஸ்ஸி ஹைண்ட். அவரும் ஆக்ரன்காரர்தான். ஒரே டயர் நகரம், இரண்டே வருட இடைவெளியில், இப்படி இரண்டு கிறிஸ்மஸ் பாட்டுகளைத் தந்திருக்கிறது.

முதல்முறை கேட்க நல்ல நேரம் எது?

ஹெட்போன் போட்டு, வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில். விருந்தில் ஸ்பீக்கரில் போட்டால் பேஸும் ட்ரம்பெட்டும் ஆட வைக்கும், கதை சத்தத்தில் கரைந்துவிடும். முழு நீள வடிவம்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தால் அது வெட்டியது.